நிறக்கல் வாங்கும் முன்: அந்தக் கல்லுக்கு என்ன செய்திருக்கிறார்கள் என்று கேளுங்கள்

மோதிரம் விரலுக்குக் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. அளவு கூட்டித் தரச் சொல்லி ஒரு பட்டறையில் கொடுத்தேன். மறுநாள் போய்ப் பார்த்தால், முந்தின நாள் வரை தெளிவாக இருந்த சிவப்புக் கல்லில் சிலந்தி வலை மாதிரி வெள்ளைக் கோடுகள். பற்றவைக்கும் தீயின் சூடு கல்லுக்குப் போனதும் உள்ளே இருந்த கண்ணாடி இளகி வெளியே வந்துவிட்டது என்றார் பொற்கொல்லர்.

ஆம், கண்ணாடி. நான் வாங்கியது பூமியிலிருந்து எடுத்த மாணிக்கம்தான். ஆனால் அதன் விரிசல்களை எல்லாம் ஈயக் கண்ணாடியால் அடைத்திருந்தார்கள். பில்லில் 'இயற்கை மாணிக்கம்' என்று மட்டும் இருந்தது. அதைப் பொய் என்று சொல்லிச் சண்டை போடவும் முடியவில்லை, எரிச்சலே அதுதான். திருப்பித் தருவதற்கான கெடுவும் முடிந்து பல வாரம் ஆகியிருந்தது.

அதற்கப்புறம் கேட்டும் படித்தும் லென்ஸ் வைத்துப் பார்த்தும் தெரிந்துகொண்டதை, முதல்முறை கல் வாங்குகிறவர்களுக்காக இங்கே வரிசையாக எழுதுகிறேன். என்னை மாதிரி நீங்களும் காசு கொடுத்துக் கற்றுக்கொள்ள வேண்டாம்.

1. 'இயற்கை' என்ற சொல் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

ஒரு கல்லைப் பற்றி மூன்று கேள்விகள் இருக்கின்றன. மண்ணில் விளைந்ததா, ஆலையில் வளர்த்ததா? விளைந்த பிறகு அதன் நிறத்தையோ தெளிவையோ கூட்ட மனிதர் ஏதாவது செய்தார்களா? ஒரே கல்லா, இரண்டு மூன்று துண்டுகளை ஒட்டியதா?

'இயற்கை' என்ற சொல் பதில் சொல்வது முதல் கேள்விக்கு மட்டும்தான். இரண்டாவதுதான் ட்ரீட்மென்ட். விற்பவர்கள் இதை 'என்ஹான்ஸ்மென்ட்' என்று இனிப்பாகவும் சொல்வார்கள். இரண்டும் ஒன்றுதான்.

ட்ரீட்மென்ட் என்றாலே மோசடி இல்லை. சந்தையில் இருக்கும் மாணிக்கத்திலும் நீலக்கல்லிலும் (சஃபையர்) பெரும்பகுதி சூடுபடுத்தியவை. அதைச் சொல்லி, அதற்கான விலைக்கு விற்றால் குறை சொல்ல ஒன்றுமில்லை. எந்த ட்ரீட்மென்ட்டாக இருந்தாலும் மூன்று விஷயம் கேளுங்கள்: அது நிலைத்து நிற்குமா? அதற்காகத் தனிக் கவனம் எடுக்க வேண்டுமா? அதனால் விலை மாறுமா? அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்தின் (எஃப்டிசி) நகை விற்பனை நெறிகளிலும், வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டியது எது என்பதற்கு இந்த மூன்றுதான் அளவுகோல்.

2. நீங்கள் வாங்கும் கல்லுக்கு எது வழக்கம் என்று தெரிந்துகொண்டு போங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு மணி நேரம் இதற்குக் கொடுங்கள்.

*மாணிக்கமும் நீலமும்.* இரண்டும் ஒரே கனிமம், குருந்தம். புஷ்பராகம் என்று பலரும் சொல்லும் மஞ்சள் சஃபையரும் அதே இனம்தான். இவற்றுக்குச் செய்பவற்றை நான்கு படிகளாக நினைத்துக்கொள்ளுங்கள். கீழே போகப் போக விலை விழ வேண்டும்.

முதல் படி, ஒன்றும் செய்யாத கல். நல்ல நிறத்திலும் பெரிய அளவிலும் அபூர்வம். அதே தோற்றமுள்ள சூடுபடுத்திய கல்லைவிடப் பல மடங்கு விலை போகலாம்.

இரண்டாவது, வெறும் சூடு. உலையில் வைத்து, சில வேளை 1600 டிகிரி செல்சியஸுக்கு மேல்கூடக் கொண்டுபோவார்கள். நிறம் மாறும், கல்லை மங்கலாக்கும் மெல்லிய ஊசிப் படிகங்கள் கரைந்து தெளிவு கூடும். இது நிரந்தரம், தனிப் பராமரிப்பும் வேண்டாம். நடுத்தர பட்ஜெட் உள்ளவர்கள் தயங்காமல் வாங்கலாம் என்பது என் கருத்து. மாணிக்கத்தில் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். சூடேற்றும்போது வெண்காரம் போன்ற பொருளைச் சேர்ப்பதால் விரிசல்கள் ஓரளவு ஒட்டிக்கொள்ளும். கண்ணாடி போன்ற எச்சமும் உள்ளே தங்கும். எச்சம் எவ்வளவு என்பதைப் பொறுத்து விலை மாறும்.

மூன்றாவது, டிஃப்யூஷன். சூட்டோடு சேர்த்து வெளியிலிருந்து ஒரு தனிமத்தைக் கல்லுக்குள் செலுத்துவது. டைட்டானியம் செலுத்திய நீலக்கல்லில் நிறம் மேல்தோலில் மட்டும் இருக்கும். மறுபடி பட்டை தீட்டினால் போய்விடும். 2000களின் தொடக்கத்தில் பெரிலியம் வந்தது. இது மிகச் சிறிய அணு என்பதால் கல் முழுக்க ஊடுருவிவிடும். மஞ்சள், ஆரஞ்சு, பத்மராகச் சாயல் (இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் கலந்த நிறம்) கற்களில் இதை எதிர்பார்த்தே இருங்கள். லென்ஸில் தெரியாது. சாதாரண லேப் கருவிகளுக்கும் பெரிலியம் அகப்படாது. லேசரால் கண்ணுக்குத் தெரியாத அளவு துளியைச் சுரண்டி எடுத்து அளக்கும் கருவிதான் வேண்டும். ஆகவே, பளிச்சென்ற மஞ்சள் கல்லைக் காட்டி 'வெறும் சூடுதான்' என்று யாராவது சொன்னால், எந்தச் சோதனையை வைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

நான்காவது, என் தலையில் கட்டியது: கண்ணாடி நிரப்பியது. நகைக்கே ஆகாத, விரிசல் மண்டிய மாணிக்கத்தை எடுத்து, அதிக ஈயம் கலந்த கண்ணாடியை உள்ளே ஓட விடுகிறார்கள். இந்தக் கண்ணாடி ஒளியை வளைக்கும் அளவு கிட்டத்தட்ட மாணிக்கத்தின் அளவே இருப்பதால் விரிசல்கள் கண்ணிலிருந்து மறைகின்றன. நீலத்தில் கோபால்ட் சேர்த்த கண்ணாடியை நிரப்புவார்கள். நிறமும் சேர்ந்து கிடைத்துவிடும். தீ பட்டால் போச்சு. எலுமிச்சைச் சாறு போன்ற லேசான அமிலம்கூடக் கண்ணாடியை அரிக்கும். இதை மாணிக்கம் என்ற பெயரில் விற்கவே கூடாது. மாணிக்கமும் கண்ணாடியும் சேர்ந்த கலவை என்று எழுத வேண்டும்.

*மரகதம்.* விரிசல் இல்லாத மரகதம் அரிது. அந்த விரிசல்களுக்குள் எண்ணெயோ பிசினோ ஏற்றுவது வழக்கம். எண்ணெய் இருக்கிறது என்பதற்காக ஒரு மரகதத்தை ஒதுக்க வேண்டியதில்லை. எவ்வளவு, என்ன பொருள் என்பதுதான் கேள்வி. தேவதாரு மர எண்ணெய் (சீடர் ஆயில்) காலப்போக்கில் வற்றினால் கல் மங்கும். சுத்தம் செய்து மறுபடி ஏற்றலாம். செயற்கைப் பிசின்கள் சில வருடங்கள் போனால் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ மாறக்கூடும். பச்சைச் சாயம் கலந்த எண்ணெய் என்றால் கல்லை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

*ஜேட்.* இதில் எழுத்து வைத்துப் பேசுவார்கள். ஏ என்றால் மேலே மெழுகு பூசியதைத் தவிர வேறொன்றும் செய்யாதது. பி என்றால் அமிலத்தில் ஊறவைத்துக் கறையை எடுத்து, பாலிமர் நிரப்பியது. சி என்றால் சாயம். இந்த ஏ, பி, சி தர வரிசை இல்லை. 'பி கிரேடு, பரவாயில்லை' என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள்.

*வைரம்.* லேசரால் துளைத்துக் கரும்புள்ளியை வெளுக்கச் செய்வது, விரிசலைக் கண்ணாடியால் நிரப்புவது, உயர் அழுத்தத்தில் சூடேற்றி நிறம் மாற்றுவது, கதிர்வீச்சு. இவற்றில் நிரப்பிய வைரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஜிஐஏ என்ற அமெரிக்க ரத்தின ஆய்வகம் அவற்றுக்குத் தர அறிக்கையே தருவதில்லை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நீல டோபாஸ் ஏறக்குறைய எல்லாமே கதிர்வீச்சும் சூடும் கண்டவை. டான்சனைட்டும் பெரும்பாலும் சூடு கண்டதே. அதில் சூடுபடாதது என்று கூடுதல் விலை கேட்டால் சிரித்துவிட்டு நகருங்கள். சிட்ரின் பல நேரம் சூடுபடுத்திய அமெதிஸ்ட். பல வண்ணத்தில் மின்னும் 'மிஸ்டிக்' டோபாஸ் மேற்பூச்சு, உரசினால் போகும். பவளத்திலும் டர்க்காய்ஸிலும் சாயமும் பாலிமரும் சகஜம். முத்தை வெளுப்பது வழக்கம், நிறமேற்றுவதும் உண்டு.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்பவர்களுக்கு கார்னெட், ஸ்பைனல், பெரிடாட் இருக்கின்றன. விதிவிலக்குகள் உண்டு என்றாலும், பெரும்பாலும் மண்ணிலிருந்து வந்தபடியே பட்டை தீட்டி விற்கப்படுபவை இவை.

3. பத்து மடங்கு லென்ஸும் ஒரு சின்ன டார்ச்சும்

செலவு குறைவு, பயன் அதிகம். லென்ஸை நேராகக் கண்ணருகே வைத்துக்கொண்டு கல்லை லென்ஸ் பக்கம் கொண்டுவாருங்கள். பலரும் தலைகீழாகச் செய்துவிட்டு 'ஒன்றும் தெரியவில்லை' என்பார்கள். பார்க்கும் முன் கல்லைத் துணியால் துடையுங்கள். தூசி உள்ளே இருக்கும் புள்ளி மாதிரியே தெரியும்.

கெட்டுப்போன என் மாணிக்கத்தை இப்படித்தான் பார்த்தேன். மேல் தட்டையில் விளக்கின் பிம்பம் விழுகிற மாதிரி கல்லைச் சாய்த்தேன். கல்லின் பரப்பு முகம் பார்க்கும் கண்ணாடி போலப் பளபளத்தது. அதற்கு நடுவே மங்கலான மெல்லிய கோடுகள் ஓடின. அந்தக் கோடுகள் விரிசல்களின் வாய். கண்ணாடி மாணிக்கத்தைவிட மெத்தென்றிருப்பதால் பளபளப்பு குறைகிறது. பிறகு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துக் கல்லை மெல்ல உருட்டினேன். சிவப்புக்குள் ஒரு நொடி நீலம் பளிச்சிட்டு மறைந்தது. இன்னொரு கோணத்தில் ஆரஞ்சு. இன்னும் உற்றுப் பார்த்தபோது, விரிசலுக்குள் தட்டையான குமிழிகள். நீலப் பளிச்சும் குமிழியும் சேர்ந்து தெரிந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. வாங்கும் அன்று இதைச் செய்ய எனக்கு 2 நிமிடம் ஆகியிருக்காது.

டைட்டானியம் டிஃப்யூஷனைச் சந்தேகித்தால், மோதிரத்தில் பதிக்காத கல்லை வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீருக்குள் போட்டு மேலிருந்து பாருங்கள். நிறம் பட்டைகளின் ஓரங்களில் கோடு போட்ட மாதிரி திரண்டும், உள்ளே வெளிறியும் இருந்தால் அது மேல்தோல் நிறம்.

எச்சரிக்கை: சூடான ஊசி, அமிலம், அசிட்டோன் சோதனைகளை விற்பவரின் கல்லில் செய்யாதீர்கள். கெட்டால் கல் உங்களுடையதாகிவிடும். லென்ஸ் மோசமான கல்லை ஒதுக்க மட்டும்தான் உதவும். 'சூடுபடாதது' என்று உறுதி சொல்ல அதனால் முடியாது.

4. கேள்வியைக் குறிப்பாகக் கேளுங்கள், பதிலை பில்லில் வாங்குங்கள்

'ஒரிஜினல்தானே?' என்று நான் கேட்டேன். 'நூறு சதவீதம்' என்றார் கடைக்காரர். அந்தக் கேள்விக்கு அது சரியான பதில்தான்.

இப்படிக் கேளுங்கள்: 'இந்தக் கல்லுக்குச் சூடு, நிரப்பல், டிஃப்யூஷன், சாயம், மேற்பூச்சு, கதிர்வீச்சு இவற்றில் எது செய்திருக்கிறது?' பதிலாக 'தெரியாது, வாங்கினபடி விற்கிறேன்' என்று வந்தால் அது நேர்மையான பதில். ஆனால் ட்ரீட் செய்த கல்லின் விலைதான் கொடுக்க வேண்டும். 'எல்லாக் கல்லும் அப்படித்தான்' என்பது பதிலே இல்லை.

பில்லில் இருக்க வேண்டியவை:

- கல்லின் பெயர், இயற்கையா ஆலையில் வளர்த்ததா என்பது
- காரட் எடை, தசமத்துக்குப் பின் 2 இலக்கம் வரை
- ட்ரீட்மென்ட் என்ன என்பது. இல்லை என்றால் 'எந்த ட்ரீட்மென்ட்டும் இல்லை' என்று எழுத்தில்
- லேப் ரிப்போர்ட் இருந்தால் அதன் எண்
- இத்தனை நாளுக்குள், லேப் முடிவு மாறி வந்தால் முழுப் பணமும் திருப்பித் தரப்படும் என்ற வாசகம், விற்பவரின் கையெழுத்தோடு

கடைசி வரியை எழுதத் தயங்குகிறவரிடம் விலையுயர்ந்த கல் வாங்க வேண்டாம். நல்ல வியாபாரிகள் இதற்கு முகம் சுளிப்பதில்லை. லேப் செலவை யார் ஏற்பது என்று மட்டும் பேசுவார்கள். முடிவு மாறி வந்தால் அவர், சரியாக வந்தால் நீங்கள் என்று பேசி முடிப்பது நியாயமாக இருக்கும்.

5. லேப் ரிப்போர்ட் எப்போது தேவை, எவ்வளவு ஆகும்

எல்லாக் கல்லுக்கும் தேவையில்லை. லேப் கட்டணம் கல் விலையில் கால் பங்கைத் தாண்டினால் நான் அனுப்புவதில்லை; மோசமானதையே எதிர்பார்த்து, அதற்கான விலைக்கு வாங்குவேன். ஆனால் 'சூடுபடாதது', 'எண்ணெய் இல்லாதது' என்ற சொல்லுக்காகக் கூடுதல் பணம் கேட்டால் ரிப்போர்ட் கட்டாயம். அந்தச் சொல்லுக்குத்தானே காசு கொடுக்கிறீர்கள்?

கட்டணம் பொதுவாக எடையைப் பொறுத்து ஏறும். கல் எந்த நாட்டில் விளைந்தது என்று கேட்டால் தனிச் செலவு. பெரிலியம் சோதனைக்கும் சில இடங்களில் தனியாகக் கேட்பார்கள். இன்ஷூரன்ஸோடு அனுப்பித் திரும்பப் பெறும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். நான் முதல்முறை அதை மறந்தேன்.

ஜிஐஏ, எஸ்எஸ்இஎஃப், கூபெலின், ஏஜிஎல், ஜிஆர்எஸ் ஆகியவை உலகம் முழுக்கக் கல் வியாபாரிகள் ஒப்புக்கொள்ளும் பெயர்கள். உள்ளூர் லேப் என்றால், தாங்கள் விற்கும் கல்லுக்குத் தாங்களே சான்று தருகிறார்களா என்று பாருங்கள். விற்பவரே அச்சடித்த பளபளப்பான அட்டை லேப் ரிப்போர்ட் ஆகாது. மதிப்பீட்டுச் சான்றிதழும் வேறு. அது விலையைச் சொல்வதற்கானது. நல்ல நிறக்கல் ரிப்போர்ட்டில் விலையே இருக்காது.

6. ரிப்போர்ட்டில் எந்த வரியைப் படிப்பது

பெரிய எழுத்தில் இருக்கும் 'நேச்சுரல் ரூபி'யைத் தாண்டிப் போங்கள். ட்ரீட்மென்ட் அல்லது கமென்ட்ஸ் என்ற வரிதான் முக்கியம். 'நோ இண்டிகேஷன்ஸ் ஆஃப் ஹீட்டிங்' என்றால் சூட்டின் தடயம் காணவில்லை என்று அர்த்தம். லேப் இவ்வளவுதான் சொல்லும், சத்தியம் செய்யாது. 'ஹீட்டட்' என்றால் சூடு. அதே வரியில் 'ரெசிட்யூ' என்றால் கண்ணாடி எச்சம். 'லெட் கிளாஸ்' (ஈயக் கண்ணாடி), 'காம்போசிட்' (கலவை) என்ற சொல் எங்கே கண்ணில் பட்டாலும் நிறுத்துங்கள். மரகதத்தில் 'மைனர், மாடரேட், சிக்னிஃபிகண்ட்' (குறைவு, நடுத்தரம், அதிகம்) என்று நிரப்பலின் அளவு இருக்கும்.

'பிஜன் பிளட்', 'ராயல் புளூ' எல்லாம் நிறத்தின் பெயர்கள். அந்தப் பெயரைக் கண்டதும் கல் சூடுபடாதது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

ரிப்போர்ட் எண்ணை லேபின் சொந்தத் தளத்தில் நீங்களே தட்டிப் பாருங்கள். அட்டையில் இருக்கும் கியூஆர் கோடு போலித் தளத்துக்கும் கொண்டுபோகலாம். எடையும் மில்லிமீட்டர் அளவுகளும் கையில் இருக்கும் கல்லோடு பொருந்த வேண்டும். நிஜ ரிப்போர்ட், வேறு கல் என்பது பழைய தந்திரம். தேதியையும் பாருங்கள். 10 வருடத்துக்கு முன் 'எண்ணெய் இல்லை' என்று வந்த மரகதத்துக்கு அதன்பின் எண்ணெய் ஏற்றியிருக்கலாம்.

7. நாள் கணக்கு

நான் கோட்டை விட்ட இடம் இதுதான். லேபுக்குச் சில நாள் முதல் சில வாரம் வரை ஆகும்; கூட்டம் அதிகமென்றால் இன்னும் இழுக்கும். அனுப்பவும் திரும்பப் பெறவும் நாள் போகும். 7 நாள் கெடு என்றால் ரிப்போர்ட் வரும் முன்பே கெடு முடிந்துவிடும். பணம் கொடுக்கும் முன் லேபைக் கேட்டுத் தற்போதைய காத்திருப்பை அறிந்து, அதைவிட 2 வாரம் கூடுதலாகக் கெடு வாங்குங்கள். இல்லையென்றால், கெடு ரிப்போர்ட் வரும் தேதியிலிருந்து தொடங்கும் என்று எழுதச் சொல்லுங்கள்.

ரிப்போர்ட் வரும்வரை கல்லை நகையில் பதிக்காதீர்கள். பதித்த கல்லை லேபால் முழுமையாகச் சோதிக்க முடியாது. பதித்த கல்லைத் திரும்ப வாங்க விற்பவரும் மறுப்பார்.

8. வாங்கிய பிறகு

நிரப்பிய கல் எதையும், எண்ணெய் மரகதம் உட்பட, அல்ட்ராசோனிக் தொட்டியிலும் நீராவியிலும் சுத்தம் செய்யக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான சோப்பு, மென்மையான பிரஷ் போதும்.

பழுதுக்குக் கொடுக்கும்போது ரசீதில் 'கல்லைக் கழற்றிவிட்டுப் பற்றவைக்கவும்' என்று எழுதச் சொல்லுங்கள். சுத்தமான மாணிக்கம், நீலத்துக்கும் இது பொருந்தும். தங்கம் கறுக்காமல் இருக்கப் பூசும் போரிக் அமிலம் சூட்டில் அவற்றின் மேற்பரப்பை அரித்துவிடும். கழற்றிப் பதிக்கக் கூலி கொஞ்சம் கூடும், கொடுத்துவிடுங்கள்.

பில், ரிப்போர்ட், கல்லின் நெருக்கமான 2 புகைப்படம் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு வையுங்கள். என் உறையில் இப்போது ஒரு கார்னெட்டின் பில் இருக்கிறது. 'எந்த ட்ரீட்மென்ட்டும் இல்லை' என்று கையால் எழுதி வாங்கியது. மோதிரம் அதே பழைய மோதிரம்தான், அளவும் இப்போது சரியாக இருக்கிறது.